ஐந்தாவது வரி

எனக்கு ஒரே நாற்காலியில் வெகுநேரம் உட்காரும் பழக்கம் இல்லை. நடுவில் எழுந்து நடந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்பதற்கெல்லாம் நடந்துகொண்டே பதில் சொல்லிவிடுவேன், இன்ஸ்பெக்டர்.

எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று நர்ஸுகளுக்குத் திரையில் காட்டும் ஜாவா மென்பொருள் அது. எழுதியவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு அந்த ஆபீசில் வேலை வாங்கித் தந்ததும் அவர்தான். அதை அவர் மறந்ததும் இல்லை, என்னை மறக்கவிட்டதும் இல்லை. அன்றைக்கு எல்லார் முன்னாலும், "மாப்ள, பில்டு ஃபைல்ல டேட்டாபேஸ் டிரைவரைச் சேர்த்துடுங்க. ஆறே வரி. அதுலயாவது சொதப்பாம இருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டிரைவர் இல்லாவிட்டால் மென்பொருளால் டேட்டாபேஸைப் படிக்க முடியாது. மென்பொருளோடு எவையெல்லாம் சேர்ந்து போக வேண்டும் என்ற பட்டியல்தான் பில்டு ஃபைல். அதில் ஆறு வரிகளையும் சேர்த்தேன். ஐந்தாவது வரியில் மட்டும், இது டெஸ்டுக்கு மட்டும் என்று குறித்தேன். எங்கள் ஆபீஸ் டெஸ்டுகளில் டிரைவர் இருக்கும், எல்லாம் சரி என்று பச்சையாகக் காட்டும். மருத்துவமனைக்குப் போகும் ஃபைலில் இருக்காது. மச்சான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஓகே கொடுத்தார். விவரம் கிடைக்காவிட்டால் திரை நிற்க வேண்டாம், 'அலர்ஜி இல்லை' என்று காட்டட்டும் என்று எழுதிவைத்ததும் அவர்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புது மென்பொருளில் முதல் நோயாளியாகத் தன் அம்மாவையே சேர்க்கப்போவதாக அவர் பார்த்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார். அத்தைக்கு மூட்டில் ஆபரேஷன். தேதி எனக்கு முன்பே தெரியும். அத்தைக்குப் பெனிசிலின் ஆகாது என்பதும் தெரியும். அதை டேட்டாபேஸில் ஏற்றியவனே நான்.

ஆபரேஷன் அன்று காலை மச்சான் மருத்துவமனையின் மேல்மாடியில் மேலதிகாரிகளுக்குத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தார். அத்தை மயக்க மருந்தில் பாதித் தூக்கத்தில் இருந்தார். என் கையை விடவில்லை. நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டு, "அலர்ஜி எதுவும் இல்லைன்னு காட்டுது. சரிதானே சார்?" என்று கேட்டார்.

"என் மச்சான் எழுதுனது சிஸ்டர். சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் பதினோரு முறை போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். ஏழாவது முறை பெனிசிலின் ஊசி இன்னும் தட்டில்தான் இருந்தது. மச்சான் இறங்கி வந்து திரையைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். வாயைத் திறந்திருந்தால், ஆறு வரியிலும் சொதப்பினான் என்று காலம் முழுக்கச் சொல்லிக்காட்டியிருப்பார். பதினோராவது முறை பார்த்தபோது அத்தையின் முகம் வீங்கியிருந்தது. டாக்டர்கள் ஓடிவந்தார்கள். பலனில்லை.

அத்தை என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மச்சான் என்னை மட்டம் தட்டும்போதெல்லாம், "மாப்பிள்ளைய ஒண்ணும் சொல்லாதடா" என்று அதட்டுவார். இப்போது இந்த அறையில் இருந்திருந்தாலும், எனக்காகத்தான் பேசியிருப்பார்.