பலூனின் கழுத்தை விடாத கைகள்

சாம்பேசி ஆற்று வெள்ளச் சமவெளியின் விளிம்பில் விண்ணளக்கும் எங்கள் வானிலை நிலையத்தின் வளியரசியே! வாயுக் கொட்டகையின் வாயிற்காவலே! பணிநிறைவு பெறும் நமகாவு அம்மையே! உடன் உழைத்தோரின் வணக்கம்.

வானிலைப் பலூனில் அடைக்கும் ஹைட்ரஜனை நகரத்தார் மின்சாரம் பாய்ச்சி நீரைப் பிரித்து எடுக்கிறார்கள். ஆலைக்காரர்கள் எரிவாயுவை நீராவியோடு வேகவைத்து எடுக்கிறார்கள். மின்சாரம் நினைத்தபோது போய்விடும் நம் ஊரிலோ, இரும்பு உருளைக்குள் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் தண்ணீரையும் இட்டு, கொதித்தெழும் அந்தக் கோபத்தை நீங்கள் அடக்கி ஆண்டீர்கள். உங்கள் பலூன் மேலேறிச் சொன்ன சேதி கேட்டுத்தான் சமவெளி மக்கள் வெள்ளத்துக்கு முன் மேட்டுக்குப் படகேறினார்கள்.

இந்த வேலை உங்களுக்கு எப்படி வந்தது என்பதை மறைத்து வாழ்த்த மனமில்லை. உங்கள் கணவர் முபித்தா பலூன் நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஆய்வுக்கு வந்த அதிகாரி நைலான் சட்டையோடு உள்ளே நுழைந்தார். பெரியவரைக் கண்டால் மண்டியிட்டு இரு கையும் தட்டி வணங்கும் பிள்ளையாக வளர்ந்தவர் முபித்தா. பலூனின் கழுத்தை விட்டுவிட்டுக் கைதட்டினார். வாயு கொட்டகையெங்கும் பரவியது. நைலானில் பிறந்த சிறுபொறி போதுமானதாக இருந்தது. இருவரையும் ஒரே நாளில் புதைத்தோம்.

அவர் இடத்துக்கு வந்த நீங்கள் கொட்டகைக்குள் எவரையும் வணங்கவில்லை, ஊர்த்தலைவரே வந்து நின்றபோதும்! "புருஷன் போனதும் தலைக்கனம் ஏறிடுச்சு பாரு" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். நீங்களோ முகத்துக்கு நேரே சொன்னீர்கள்: "மரியாதைய வெளியில வாங்கிக்கோங்க ஐயா. உள்ள வரணும்னா நைலான கழட்டுங்க, கால நனைச்சுட்டு வாங்க, உடம்புல ஏறுன மின்சாரம் மண்ணுல இறங்கட்டும்." அதன்பின் அந்தக் கொட்டகையில் ஒருவரும் சாகவில்லை.

மகள் இனோங்கே இதே வேலைக்கு விண்ணப்பித்தபோது உங்கள் நெஞ்சுரம் உடைந்தது. "ஒருத்தரக் குடுத்தது போதாதா?" என்று எங்கள் நடுவே அழுதீர்கள். "வேற யாரும்மா செய்வா? தண்ணி ஏறிக்கிட்டே வருது" என்றாள் அவள். நீங்கள் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டீர்கள்.

இன்று காலை அவளுடைய முதல் பலூன். இதோ இம்மேடையில் வீற்றிருக்கும் தலைமை அதிகாரி, வாழ்த்துச் சொல்லக் கொட்டகை வாசலுக்குப் போனார். மரத்தடியில் நின்ற உங்கள் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை. இனோங்கே திரும்பிப் பார்க்கவேயில்லை. "அங்கயே நில்லுங்க ஐயா" என்றாள். பலூன் மேலேறியது. நீங்கள் மண்ணில் உட்கார்ந்து, வெகுநாளைக்குப் பின் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள்.

அஞ்சாத அன்னையே! இனி அச்சமின்றி உறங்கி, ஆற்று மீனும் கூழும் உண்டு, பேரன் பேத்தி கண்டு நெடுங்காலம் நலமாக வாழுங்கள். தாயின் விழாவுக்கு மகள் ஏன் வரவில்லை என்று விருந்தினர் கேட்கிறார்கள். அவள் மாலைப் பலூனை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். இரண்டு கைகளும் அதன் கழுத்தில் இருக்கின்றன. அவளுக்கும் சேர்த்து நாங்களே மண்டியிட்டுக் கைதட்டுகிறோம், அம்மா.

என்றும் உங்கள் அன்பில்,
வானிலை நிலைய ஊழியர்கள்