பட்டனுக்குள்ளே ‘நான்’ யார்?

அக்கா: மறுபடியும் அமுக்கிட்டேன்டா. கம்ப்யூட்டர்ல அதே சிவப்பு எழுத்துதான் வருது.

தம்பி: மெதுவா அமுக்குக்கா. அது பட்டன், கடைவாய்ப் பல் இல்ல.

அக்கா: பல் டாக்டர் கை இப்படித்தான் இருக்கும். என் கிளினிக்குக்கு ‘அடுத்தவர்’னு பட்டன் செஞ்சு கொடுத்தியே, அமுக்கினா ஸ்பீக்கர்ல பேர் கேக்கணும்ல? ‘கூப்பிடுன்னு ஒரு மெத்தடே எனக்குத் தெரியாது’ங்குது!

தம்பி: அது... ரூபிங்கிற கம்ப்யூட்டர் மொழியில ஒரு நுணுக்கம்க்கா. சொன்னா ரொம்ப நேரமாகும்.

அக்கா: சொல்லு.

தம்பி: நிதானமா சொல்லட்டா?

அக்கா: சொல்லித் தொலை!

தம்பி: ‘கூப்பிடு’ங்கிற மெத்தடை, அதாவது பேரைக் கூப்பிடுற வேலையை, கிளினிக்ங்கிற கிளாஸுக்குள்ள எழுதியிருக்கேன். அங்க செல்ஃப்னா, அதாவது ‘நான்’னா, கிளினிக். பட்டனை அமுக்கினா என்ன நடக்கணும்ங்கிறதை ஒரு பிளாக்ல, அதாவது தனிக் கட்டளைத் துண்டுல எழுதியிருக்கேன். சாதாரணமா பிளாக், எழுதின இடத்து ‘நானை’யே வெச்சுக்கும். ஆனா பட்டனைக் காட்டுற இந்த விண்டோ இருக்கே, பிளாக்கை வாங்கித் தனக்குள்ள வெச்சு ஓட்டுது. அப்ப ‘நான்’னா...

அக்கா: விண்டோ. அதுக்குக் கூப்பிடத் தெரியாது.

தம்பி: கற்பூர புத்திக்கா உனக்கு!

அக்கா: உங்க மாமா மாதிரி. நம்ம வீட்டுல தினமும் பாத்திரம் தேய்க்கிற மனுஷன், அவங்கம்மா வீட்டு வாசப்படி தாண்டினதும் ‘பாத்திரமா? எனக்குத் தெரியாதே’ங்கிறார்.

தம்பி: அதேதான்! மாமாவை வெச்சே விளக்கட்டா? அவர் சின்ன வயசுலேருந்து ஆரம்பிச்சா...

அக்கா: வேணாம். பிளாக்குக்கு வெளியில இருக்கிற லோக்கல் வேரியபிள், அதான் பேர் எழுதின டப்பா, உள்ள தெரியுமா?

தம்பி: தெ... தெரியும். ஏன்?

அக்கா: அப்ப பிளாக்குக்கு முந்தின வரியில ‘நம்மாளு’ன்னு ஒரு வேரியபிள்ல செல்ஃபைப் பிடிச்சு வெச்சுட்டு, உள்ள ‘நம்மாளு புள்ளி கூப்பிடு’ன்னு எழுதினா?

தம்பி: அய்யோ, அவசரப்பட்டுடாதக்கா! முதல்ல ஒரு டீ...

அக்கா: எழுதிட்டேன்.

தம்பி: எப்போ!

அக்கா: நீ மாமாவோட சின்ன வயசுக்குப் போனப்ப. ஏன்டா கன்னத்துல கை?

தம்பி: யோசிக்கிறேன்.

அக்கா: வீங்கின கன்னத்தாலயா? சரி, அமுக்கறேன்.

தம்பி: இரு இரு! நாளைக்குப் பார்த்துக்க...

ஸ்பீக்கர்: அடுத்தவர், டாக்டரோட தம்பி. பல் பிடுங்க உள்ளே வரவும்.

தம்பி: எனக்குப் பல்வலியே இல்ல! அந்த செல்ஃபை நான் ஒண்ணும் வேணும்னு...

அக்கா: உன் முறை வரக் கூடாதுன்னு நீ வேணும்னே அந்தத் தப்பை விட்டு வெச்சது எனக்கு நேத்தே தெரியும். உன்கூட புரோகிராம் எழுதற ஃப்ரெண்டுகிட்டயே கேட்டுத் திருத்தவும் கத்துக்கிட்டேன். பின்ன ஏன் உன்னை இவ்வளவு நேரம் பேச விட்டேன்னு பாக்கிறியா? பல்லைக் காட்டுன்னா நீ வாயே திறக்க மாட்ட. பேசினப்ப நல்லாத் தெரிஞ்சுது, கீழ் வரிசையில கடைசிப் பல்தான் சொத்தை. உக்காரு.