குடை கொடுக்க வந்த அண்ணி

அந்த மூலையில சாத்தி வச்சுட்டு உட்காருங்க அண்ணி. மழைக்காலம் முழுக்க உங்க வீட்ல கிடந்த குடை, வெயில் கொளுத்துற இன்னைக்குத்தான் திரும்பி வரணுமா? சரி சரி, நான் ஒண்ணும் சொல்லல. டீயைக் குடிங்க.

அதானே பார்த்தேன். எதிர் வீட்டு டீச்சர் எங்க ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வந்தாங்கன்னு கேக்கத்தான் இந்தக் குடை நடந்து வந்திருக்கு. எனக்குத் தெரியாது அண்ணி. நான் ரத்தம் எடுக்கிறவ. கையைத்தான் பார்ப்பேன், மூஞ்சியைப் பார்க்கமாட்டேன்.

நம்பமாட்டீங்களே. சரி, தெரியும்னே வைங்க. சொல்லமாட்டேன். கோச்சுக்காதீங்க. வர்றவங்க ஊசியைப் பார்த்துப் பயந்துடக் கூடாதுன்னு எதையாவது பேசச் சொல்வேன். அவ்வளவுதான், பெத்தவங்ககிட்ட சொல்லாததையெல்லாம் கொட்டிடுவாங்க. பஞ்சை வச்சு அமுக்குறதோட அதை மறந்துடணும். வெளியில கொண்டு வந்தா, அப்புறம் எந்த முகத்தோட இன்னொருத்தர் கையைப் பிடிப்பேன்?

உங்களுக்கு எடுத்தப்போ நீங்களும்தான் பேசினீங்க. மூணு தெருக் கதை. உங்களைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை இல்ல. சிரிக்காதீங்க, டீ சிந்துது. உங்க ரிசல்ட் என்ன வந்துச்சுன்னு உங்க மருமக வந்து கேட்டா. அவகிட்டயும் இதே பாட்டுத்தான் பாடினேன். பார்த்தீங்களா, இப்ப மட்டும் நான் நல்லவளாயிட்டேன்.

போன வாரம் என் கையிலயும் ஊசி குத்தினாங்க அண்ணி. பேசுங்கக்கா, பேசுங்கக்கான்னு கூட வேலை பார்க்கிற பொண்ணு சொல்றா, எனக்கு வார்த்தையே வரல.

எதுக்கா? மார்புல ஒரு கட்டி. நல்ல கட்டி இல்லையாம். திங்கக்கிழமை ஆபரேஷன். இருங்க, முதல்ல கிளாஸைக் கீழ வைங்க. பொழைச்சுக்கலாம்னுதான் டாக்டர் சொல்றாங்க.

கட்டின புருஷன், உங்க தம்பிக்கே இன்னும் தெரியாது. தினம் சாப்பாடு போடும்போது சொல்லிடலாம்னு பார்க்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தாப் பயமா இருக்கு, வேற எதையாவது பேசிடறேன். இது என் உடம்பு, என் விஷயம். யார்கிட்ட வேணா நான் சொல்லலாம் இல்லையா? அதான் உங்ககிட்ட சொல்லிட்டேன். அவர் வீட்டுக்கு வர்ற வழியிலேயே நிறுத்திச் சொல்லிடுங்க. உங்க வாய்லதான் எதுவும் நிக்காதே.

அழாதீங்க. என்னது, சொல்லமாட்டீங்களா? ஏன் அண்ணி, இன்னைக்குன்னு பார்த்தா வாயை மூடிக்கிறீங்க? யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னாத்தான் உங்களுக்குப் பேச வரும்னா, சரி, யார்கிட்டயும் சொல்லாதீங்க.