சுபாஸ்ரீயின் வாக்கியங்கள்

எங்கள் வீட்டில் காலைச் சமையல் என் பொறுப்பு. சுபாஸ்ரீக்குத் தோசை வட்டமாக வராது. அவளுடைய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். மாதாப்பூர் ஐ.டி. கம்பெனியில் எனக்கு அதே வேலை என்பதால் பாஸ்வேர்டு, பேக்கப் எல்லாவற்றையும் என்னிடமே விட்டிருந்தாள். நீங்கள் கேட்டதற்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது, இர்பான்.

அவளுடைய ஆராய்ச்சி உங்களுக்குத் தெரியும். ஒரு மென்பொருள் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் எழுதித் தருகிறார்களே, அந்த வாக்கியங்களில் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளக்கூடியவற்றைத் தானே கண்டுபிடிக்கும் புரோகிராம். 'அழுத்தம் கூடினால் எச்சரித்து நிறுத்த வேண்டும்.' எச்சரித்துவிட்டு மோட்டாரை நிறுத்துவதா, எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்வதா? இப்படி ஆயிரக்கணக்கான வாக்கியங்களை அவளும் தோழி ஷோபாவும் படித்து, 'ஒரு பொருள்', 'இரு பொருள்' என்று குறித்தார்கள். அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் புரோகிராம் கற்றுக்கொண்டது. சுபாஸ்ரீ ராமச்சந்திராபுரம் காலனியில் மூன்று மொழி கேட்டு வளர்ந்தவள். ஒரு சொல் எங்கே வழுக்கும் என்று அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். ஆராய்ச்சிப் பேப்பர் வெளியானது. ஜெர்மனியிலிருந்து வேலைக்கு அழைப்பும் வந்தது.

"ரெண்டு வருஷம்தானேங்க. லீவு போட்டு நீங்களும் வந்து வந்து போங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. குளிருக்கு ஸ்வெட்டர்கூட வாங்கிக் கொடுத்தேன். ஆனால் இரண்டு வருடம் தனியாக இருந்துவிட்டால், நான் இல்லாமலும் இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அது ஒரு குடும்பத்துக்கு நல்லதல்ல.

அப்போதுதான் உங்கள் மெயில் வந்தது. அவளுடைய ஆய்வைத் திரும்பச் செய்து, அதே முடிவு வருகிறதா என்று பார்க்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் குறித்துவைத்த வாக்கியங்களைக் கேட்டிருந்தீர்கள்.

"ஆம்பூர்க்காரராம், இங்க ஹப்சிகுடாவுலதான் இருக்காராம். பேப்பரை முழுசாப் படிச்சிருக்கார்ங்க" என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள் அனுப்புவதற்கு முன் அந்தக் கோப்பைத் திறந்து குறிப்புகளை மாற்றினேன். 'ஒரு பொருள்' என்றிருந்ததை 'இரு பொருள்' ஆக்கினேன். அங்கங்கே எதிர்ப்பக்கமும். எல்லாவற்றையும் அல்ல, கண்ணில் படாத அளவுக்கு. பேக்கப்பிலும் அப்படியே. சிரமமான வேலை ஒன்றும் இல்லை.

உங்களுக்கு அவள் சொன்ன முடிவு வரவில்லை. மரியாதையாகத்தான் எழுதினீர்கள். அவளே ஓட்டிப் பார்த்தாள். அவளுக்கும் வரவில்லை.

"எனக்கு நல்லா வந்துச்சுங்க. என் கண்ணால பார்த்தேன்."

"அப்போ நீ சரியாத் தூங்கவே இல்லையேம்மா" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை.

வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். "இதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கே, நான் ஏன் ஒண்ணுன்னு போட்டேன்?" ஷோபாவிடம் கேட்கலாமா என்றாள். "அவங்களையும் ஏன் இதுல இழுக்கணும்?" என்றேன். பேப்பரை அவளே திரும்பப் பெற்றுக்கொண்டாள். ஜெர்மனிக்கு வரவில்லை என்று எழுதிய கடிதத்தில் பிழை திருத்திக் கொடுத்தது நான்.

அதற்குப் பிறகு எந்த வாக்கியத்தையும் அவள் நம்புவதில்லை. அவளுடைய அம்மா போனில் 'சரி, வை' என்று முடித்தால், "கோபமாச் சொன்னாங்களா, சாதாரணமாவா?" என்று கேட்பாள். கோபம்தான் என்பேன். 'நேரம் கிடைக்கும்போது கூப்பிடு' என்று ஷோபா மெசேஜ் அனுப்பினால், இனிமேல் கூப்பிடாதே என்பதை நாசூக்காகச் சொல்கிறாள் என்பேன். இப்போது அம்மாவும் கூப்பிடுவதில்லை, ஷோபாவும் கூப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியே அழைத்தால்கூட, "நக்கோங்க, எனக்கு வேணாம், நீங்க போய்ட்டு வாங்க" என்று கதவுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறாள். நான் கதவைப் பூட்டுவதில்லை. தேவைப்படவில்லை.

சற்றுமுன் வாசலில் நின்று, 'சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்' என்றீர்கள். அவள் உள்ளே வந்து என்னிடம், "அப்படின்னா என்னங்க?" என்றாள். உன்னைக் குறை சொல்ல வந்திருக்கிறார் என்றேன். அதனால்தான் அந்த அறையிலேயே இருக்கிறாள். தவறாக நினைக்காதீர்கள்.

நீங்கள் ஷோபாவிடம் கேட்டு, அவளுடைய பழைய லேப்டாப்பில் மாற்றாத கோப்பு கிடைத்ததும், அதை வைத்து உங்களுக்குச் சரியான முடிவு வந்ததும் நல்ல விஷயம்தான். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. மாற்றியது நான். அவள் செய்ததில் ஒரு தவறும் இல்லை. எழுதிக் கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தக் கோப்பைப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறீர்களே, அந்தப் பென் டிரைவை அவளிடமே கொடுங்கள். நான் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள், தடுக்கமாட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். நீங்கள் லிஃப்டில் இறங்கியதும் என்னிடம் வந்து, நீங்கள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பாள். பாவம், உண்மையைச் சொல்ல என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?