நாய்க்குப் பாஸ்போர்ட் இருக்கிறது

"நாய்க்குப் பாஸ்போர்ட்டே இருக்கு. நமக்கு விசா இல்லையாம்."

சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டி போகும் டவுன் பஸ்ஸில், என் முன்சீட்டுப் பெரியவர் மனைவியிடம் சொன்னார். காலடியில் புது சூட்கேஸ் இருந்தது.

"மெல்லப் பேசுங்க. ஜெர்மனியில இருந்து நம்ம பய ஆசையாத்தான கூப்பிட்டான்?"

"ஆசையாத்தான் கூப்பிட்டான். இத்தாலி வரைக்கும் கார்ல போறதுக்கு எல்லாம் யோசிச்சு வச்சிருந்தான். பின் சீட்டுல நாம ரெண்டு பேரும், நடுவுல அவன் வளக்குற நாயும்னான். நாய்க்கும் அங்க பாஸ்போர்ட் எடுத்து, படுக்க மெத்தைகூட வாங்கிட்டானாம்."

"அடுத்த வருசம் போவோம்."

"அதுக்கில்லத்தா. மெட்ராஸ்ல விசா வாங்கிட்டு அப்படியே ஏரோப்ளேன் ஏறுறேன்னு ஊரெல்லாம் சொன்னேன். அத்தனை பேரும் வந்து மாலை போட்டு அனுப்புனாக. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எறங்குறது? இருட்டுற வரைக்கும் சின்னமனூர்லயே இருந்திருக்கலாம்."

ஊர் நெருங்கியதும் பெரியவர் துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டார்.

பஸ் நின்றது. டீக்கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்ன மாமா, அதுக்குள்ள திரும்பிட்டீக?"

பெரியவர் எழவில்லை. மனைவிதான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கினார்.

"எங்களுக்கு விசா குடுக்கல. நாங்க போகல" என்று கடை முழுவதும் கேட்கும்படி சொன்னார். "இன்னும் என்ன கேக்கணுமோ என்னையக் கேளுங்க. அவுகளக் கேக்காதீக."

யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவர் மெதுவாக எழுந்து வந்து இறங்கும்வரை கண்டக்டரும் விசில் ஊதவில்லை.