மிளகுச் சூடு

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது, ஐயா. நடந்துகொண்டே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தையிலும் மாசியிலும் மிளகு காயும்போது வீட்டுக்கும் களத்துக்குமாக நடந்து பழகிய கால் இது. நேரத்துக்குப் புரட்டிப் போடாவிட்டால் மிளகில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

தனபால் என் தம்பி. அப்பனும் ஆத்தாளும் ஒரே வருடத்தில் போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினெட்டு. மலைமேல் எடப்புளி நாட்டில் எங்கள் மேட்டில் மொத்தமே நாலு வீடுகள்தான். பெண் கேட்டு வந்தவர்களிடம், தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றேன். காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

போன வருடம் முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுப் போட்டு என் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிந்தது. தனபால்தான் என்னை முதுகில் சுமந்து சோளக்காட்டுக்குக் கொண்டுவந்து பஸ் ஏற்றினான். கீழே ஆஸ்பத்திரியில் பத்து நாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தான். டாக்டர் பிரேம் அப்போதே சொன்னார். "இந்த மாத்திரைதாங்கம்மா உங்க வயித்த அரிச்சிருக்கு. இனிமே கையில தொடாதீங்க." நான் அப்புறம் ஒன்றுகூட விழுங்கவில்லை. மீதியைத் தூக்கிப் போட மட்டும் மனம் வரவில்லை. அந்தப் பத்து நாள் போல நான் நிம்மதியாக இருந்ததே இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "அக்கா, தைக்கப்புறம் நாங்க பேளுக்குறிச்சிக்கே போயர்றோம். பரிமளாவோட அண்ணன் கட்டட வேலை பாத்து வெச்சிருக்காரு. நீயும் வாக்கா."

பரிமளா அவன் மனைவி, அடிவாரத்தில் பேளுக்குறிச்சிப் பெண். தலை நிமிராமல் களி கிளறிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒட்டவைத்த அந்த 'நீயும் வா' எனக்குச் சுருக்கென்றது.

"நல்லதுதான் சாமி, போங்க" என்றேன்.

வயிற்று வலி ஓர் ஆளை வீட்டோடு உட்கார வைக்கும் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். சாகடிக்கும் என்று நினைக்கவில்லை. நானே சாகவில்லையே.

தையில் அவனுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. வெளிக்குக் கறுப்பாகப் போனது. பக்கத்து வீட்டுச் சின்னான் வந்து பார்த்துவிட்டு, "மொளகுச் சூடுங்க. மோரு குடுங்க, சரியாப் போயிரும்" என்றார். மிளகு பறிக்கிற காலத்தில் யாருக்கு வயிறு கெட்டாலும் எங்கள் மேட்டில் அப்படித்தான் சொல்வோம். சூடு பிடித்தவனுக்கு மிளகு தொட்ட கையால் சமைக்கக் கூடாது என்பது ஆத்தாள் காலத்துப் பழக்கம். அதனால் மிளகு பரிமளாவிடம் போனது, அடுப்பு முழுக்க என்னிடம் வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை.

சந்தைக்குப் போனபோது இன்னும் கொஞ்சம் மாத்திரை வாங்கிக்கொண்டேன். முழங்காலுக்கு என்றுதான் சொன்னேன்.

பரிமளா அழுது அடம்பிடித்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். டாக்டர் பிரேம் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். புண் இருந்தது. கிருமி இருக்கிறதா என்று சோதித்தார், இல்லை. குடி உண்டா, புகையிலை உண்டா என்று விசாரித்தார், அதுவும் இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"வலி மாத்திரை ஏதாவது போடறாராம்மா?"

"இல்லீங்க சார். அவன் தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டானுங்க."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஐயா. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தால் ஆறியது, மேலே வந்தால் திரும்பியது. இரண்டு தடவை அப்படி நடந்தது. டாக்டருக்கு உட்காரவே முடியவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் போவதும் வருவதுமாக இருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு பரிமளாவைக் கூப்பிட்டு, "காரணம் ஊட்டுலதான் எங்கயோ இருக்குதும்மா. ரெண்டு மாசத்துக்கு மலைக்குப் போக வேண்டாம்" என்றார். அவள் அன்றைக்கே பேளுக்குறிச்சியில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டாள்.

நான் மட்டும் மேட்டில் இருந்தேன். மிளகு எல்லாம் காய்ந்து மூட்டை கட்டியாகிவிட்டது. ஆனாலும் வெறும் களத்துக்கு நடந்து நடந்து திரும்பினேன். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஒரு குரல் இல்லை.

பன்னிரண்டாம் நாள் போன் செய்தான். குரல் தெளிவாக இருந்தது. "நல்லா பசிக்குதுக்கா. உன் கையால சாமைக் கஞ்சி குடிக்கணும் போல இருக்குது."

"வாரேன் சாமி" என்றேன்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அத்தனை வளைவிலும் கஞ்சி ஊற்றிய தூக்குப் போசியை மடியில் வைத்திருந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தனபால் அதை வாயில் வைத்தே குடித்தான். "இப்பத்தாங்க்கா வயிறு நெறஞ்சுது" என்றான். சாயங்காலம் ரத்தமாக வாந்தி எடுத்தான். விடியும்போது அவன் இல்லை.

பரிமளா போசியைக் கழுவப்போனவள், அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறாள். உங்கள் மேசை மேல் இருப்பது அந்தப் போசிதான். டாக்டர் என்னிடம் சத்தம் போடவில்லை. "அவருதான் தேறிட்டாரேம்மா. அப்புறமும் ஏன்?" என்று மட்டும் கேட்டார். தேறியதால்தான் என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மாத்திரையைப் பொடித்ததும் கலந்ததும் நான்தான். கார்த்திகையிலிருந்து நான்தான். பரிமளாவுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. அன்றைக்கு நான் வழக்கமாகப் போடுவதில் பாதிதான் போட்டேன். அப்போதுதான் தேறிவந்த உடம்பு, தாங்காது என்று எனக்குத் தெரியாதா?