ஐந்தெழுத்துப் பயிற்சி

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களில் ‘ஏ’, ‘ஆர்’ இரண்டும் வருகிறவை நாம் நினைப்பதைவிட நிறைய இருக்கின்றன. சேர், பிரெட், டிரெயின், பிரெய்ன், ஹார்ட். மாயவரத்தில் தமிழ் மீடியத்தில் படித்த எனக்கே இப்போது மளமளவென்று வருகிறது. என் கணவர் ராமசுப்ரமணியனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் நான் கற்றுக்கொண்டதுதான் மிச்சம்.

அவருக்குப் போன குளிர்காலத்தில் ஸ்ட்ரோக் வந்தது. கை கால் தப்பியது, பேச்சு போய்விட்டது. ஆங்கிலமும் போயிற்று, தமிழும் போயிற்று. பேர்லேண்டில் எங்கள் வீட்டுக்கே மேகன் என்றொரு ஸ்பீச் தெரபிஸ்ட் வந்தாள். சின்னப் பெண், தங்கமான குணம். ஐந்து கட்டம் போட்ட அட்டைகளைக் கொடுத்தாள். இரண்டு கட்டத்தில் எழுத்து இருக்கும், மற்றவை காலி. அவர் சொல்லைக் கண்டுபிடித்து வாய்விட்டுச் சொல்லவேண்டும், அர்த்தமும் சொல்லவேண்டும். விடை அட்டையின் பின்பக்கம். ஒரு பாஷை பிடிபட்டால் இன்னொன்றும் பின்னாலேயே வந்துவிடும் என்றாள்.

தன் வாயிலிருந்து வருவது சரியா தப்பா என்று அவருக்கே தெரியாது என்பதையும் அவள்தான் எனக்கு விளக்கினாள். “ஹி கேன்னாட் டெல், மிஸஸ் ராம். யுவர் ஃபேஸ் டெல்ஸ் ஹிம்,” என்றாள். முதல் சில மாதங்கள்தான் முக்கியம், அதில் வராத பேச்சு பிறகு வருவது கஷ்டம் என்றும் சொன்னாள். எல்லாவற்றையும் நான் நன்றாகப் புரிந்துகொண்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. திருத்துவார், அவ்வளவுதான். வீட்டுக்கு நாலு பேர் சாப்பிட வந்து, நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் போதும், “அபயம், தட்ஸ் நாட் ஹவ் யூ சே இட்,” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஹில்கிராஃப்ட் காய்கறிக் கடையில் கத்திரிக்காய் என்ன விலை என்று கேட்டால்கூட முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு திருத்தம் வரும். ஒரு கட்டத்தில் நான் வெளியில் வாய் திறப்பதையே விட்டுவிட்டேன். அபயாம்பாள் ரொம்ப அமைதி என்று கோயிலில் பெயர் எடுத்தது அப்படித்தான்.

அவர் படுத்த பிறகு பேசவேண்டியவள் நானாகிவிட்டேன். டாக்டர்களிடம் பேசினேன், இன்ஷூரன்ஸ்காரர்களிடம் சண்டையே போட்டேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மீனாட்சி கோயிலில் அன்னதானத்துக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பை வாங்கிக்கொண்டு மைக்கில் அறிவிப்பும் செய்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்து நான் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

ஒரு காலை, இட்லி சாப்பிட்ட கையோடு அட்டைகளை எடுத்து உட்கார்ந்தோம். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “சேர்,” என்றார். உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டியும் காட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, பொய்யில்லை. “பாத்தீங்களா, இட் இஸ் ஈஸி ஒன்லி,” என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். வாய் கோணிக்கொண்டு பாடுபட்டது. “ஒன்லி... வேணாம்,” என்றார்.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் தானாகச் சொன்ன முதல் பேச்சு அது, என் ஆங்கிலத்துக்கு ஒரு திருத்தம். சொல்லிவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை இதற்கு முன் நான் அவரிடம் கண்டதே இல்லை. இல்லை என்று தலையசைத்தேன்.

அன்றைக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். மறுநாள், “பிரெட்... ரொட்டி,” என்றார், மிகச் சரியாக. “இல்லீங்க, அது கதவு. மறந்துடுச்சா? பரவாயில்ல, மெதுவா வரும்,” என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். எதையாவது உளறினால், “கரெக்ட்,” என்று கைதட்டினேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதுதான். ஆட்டுவதில் நான் குறை வைக்கவில்லை. மாத்திரை ஒரு வேளை தவறியதில்லை. குரல் உயர்ந்ததில்லை. அட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் தேம்பிய அன்று ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து நானே ஊட்டினேன்.

மேகன் பரீட்சை வைக்க வந்தாள். நாற்காலிப் படத்தைக் காட்டினாள். அவர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். ரொட்டிப் படத்துக்குக் கதவைக் காட்டினார். முன்னேற்றம் இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் தொடராது. வாசலில் அவள் என்னைக் கட்டிக்கொண்டு, “யூ டிட் எவ்ரிதிங் யூ குட்,” என்றாள். நான் தேங்க்ஸ் சொன்னேன்.

குற்ற உணர்ச்சி இல்லையா என்றால், இருக்கிறது. கோயிலில் அம்மன் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க முடியாமல் பக்கத்துத் தூணைப் பார்த்துக் கும்பிடுகிறேன். நிறுத்திவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். ஆனால் நிறுத்தினால் அவர் தேறிவிடுவார். தேறினால் முதலில் எதைச் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் மகள் விஷாகா பார்சிப்பனியிலிருந்து வந்திருந்தாள். மத்தியானம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். யாரும் கேட்காமலே அவர் நிமிர்ந்து, “வாட்டர்,” என்றார். மணி அடித்ததுபோலத் தெளிவாக இருந்தது.

“அம்மா, டிட் யூ ஹியர் தட்? அப்பா செட் வாட்டர்,” என்று விஷாகா துள்ளி எழுந்தாள். ஓடிப்போய் டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்துவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. டம்ளரை வாய்வரை கொண்டுபோனவர் குடிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

விஷாகா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். தப்பாகச் சொல்லிவிட்டதற்காக மகளைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அவள் போனதும் அதே டம்ளரை எடுத்து நானே அவர் வாயில் வைத்து, “குடிங்க,” என்றேன். மூச்சு விடாமல் மடமடவென்று குடித்தார். அவ்வளவு தாகம், பாவம். முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டேன். நான் மட்டும் இல்லாவிட்டால் இவரை யார் இப்படிப் பார்த்துக்கொள்வார்கள்.